கிரீஸ் போய்ச் சேராத இடம்: அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விபத்து, மசகுத் தேர்வின் பார்வையில்

2000ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று மாலை 4.21 மணியளவில், கலிபோர்னியா கரைக்கு அப்பால் அனகாபா தீவுக்கு வடக்கே, அலாஸ்கா ஏர்லைன்ஸின் 261ஆம் எண் விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. மெக்சிகோவின் புவர்த்தோ வல்யார்த்தாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வழியாகச் சியாட்டிலுக்குப் போக வேண்டிய எம்.டி.-83 ரக விமானம் அது. விமானிகள் இருவர், பணியாளர்கள் மூவர், பயணிகள் 83 பேர் என 88 பேரும் இறந்தார்கள். வானிலையில் கோளாறு இல்லை. எஞ்சின்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. வாலுக்குள் இருந்த ஒரு வெண்கல நட்டின் மரைகள், மசகு இல்லாமல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் மொத்தமாகப் பிய்ந்துபோயின.

ஆலைப் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இந்த விபத்தின் விசாரணை அறிக்கைக்கு நான் திரும்பத் திரும்பப் போகிறேன். எந்த இயந்திரத்துக்கு எந்த கிரீஸ், எந்த ஆயில் என்று இளம் பொறியாளர்கள் கேட்கும்போதெல்லாம் இதையே எடுத்துச் சொல்கிறேன். நம்மிடம் இருக்கும் கியர் பாக்ஸ், கன்வேயர், திருகு அழுத்தி, லேத்தின் லீட் ஸ்குரூ எல்லாவற்றிலும் நடக்கக்கூடியது அந்த வாலில் நடந்தது. ஒரு வித்தியாசம்தான்: நம் ஆலையில் நட்டு தேய்ந்தால் உற்பத்தி நிற்கும். அங்கே தேய்ந்ததை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தது. ஒரு கிரீஸ் நிப்பிளை, அதாவது கிரீஸை உள்ளே அடிக்கும் சிறு முனையைப் பற்றி இவ்வளவு ஆழமாக எழுதப்பட்ட ஆவணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

திருகும் நட்டும்

எம்.டி.-83 உள்ளிட்ட எம்.டி.-80 வகை விமானங்களில் வாலின் உச்சியில் ஒரு கிடைமட்டச் சிறகு உண்டு. விமானத்தின் மூக்கு மேலே போவதும் கீழே சாய்வதும் அதன் கோணத்தைப் பொறுத்தது. அந்தக் கோணத்தை மாற்றுவது ஒரு திருகு ஜாக்கி. லாரியைத் தூக்கும் திருகு ஜாக்கிக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. இரண்டடிக்குச் சற்றுக் குறைவான எஃகுத் திருகை மின் மோட்டார் சுழற்றும். வாலின் உடற்சட்டத்தோடு பொருத்திய அலுமினிய வெண்கல நட்டுக்குள் திருகு ஏறும், இறங்கும். அதோடு சேர்ந்து சிறகின் முன்விளிம்பும் ஏறி இறங்கும்.

திருகு கடினமான எஃகு, நட்டு மென்மையான வெண்கலம். இது வேண்டுமென்றே செய்யப்படும் ஜோடி. இரண்டும் எஃகாக இருந்தால் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒன்று மென்மையாக இருந்தால் தேய்மானம் முழுவதையும் அது ஏற்றுக்கொள்ளும். மலிவான பக்கத்தை மாற்றினால் போதும். வார்ம் கியர் பாக்ஸில் எஃகு வார்மோடு (திருகு போன்ற தண்டோடு) வெண்கலச் சக்கரத்தைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. தேயப்போவது வெண்கலம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டோம். ஆகவே அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாராவது ஒருவர் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

விபத்து நாளில் விமானம் புறப்பட்டுச் சில நிமிடங்களிலேயே, மேலேறிக்கொண்டிருந்தபோது, அந்தத் திருகு இறுகி நின்றுவிட்டது. விமானிகள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, பெரும்பாலும் கைவலிமையோடு, விமானத்தை மட்டத்தில் வைத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கிவிடலாம் என்று திசை மாற்றினார்கள். 4.09 மணியளவில் மோட்டாரை மீண்டும் இயக்கிப் பார்த்தபோது இறுக்கம் விட்டது. எஞ்சியிருந்த மரைகள் அறுந்தன. விமானம் 31,000 அடியிலிருந்து 24,000 அடிக்கும் கீழே பாய்ந்தது; விமானிகள் போராடி மீட்டார்கள். அதன்பின் திருகின் அடிமுனையில் இருந்த நிறுத்தம் ஒன்று மட்டுமே சிறகைப் பிடித்திருந்தது. அப்படி ஒரு சுமையைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. பத்து நிமிடம் கழித்து அதுவும் முறிந்தது.

கடலடியிலிருந்து அந்தத் திருகை எடுத்தபோது, அதன் நடுப்பகுதியில் உலோக இழைகள் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தன. லேத்தில் கடையும்போது விழும் பிசிறைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் சட்டென்று புரியும். அவை நட்டின் மரைகளில் மிச்சமிருந்தவை. விமானம் புறப்படுவதற்கு முன்பே மரையின் தடிமனில் சுமார் 90 சதவீதம் தேய்ந்திருந்தது என்று கணக்கிட்டார்கள். நட்டும் திருகும் உரசும் பகுதியில் பயன்படக்கூடிய மசகு என்று எதுவுமே இல்லை. நட்டின் கிரீஸ் நிப்பிளுக்கு உள்ளே போகும் வழி, காய்ந்து இறுகிய எச்சத்தால் அடைபட்டிருந்தது.

மெதுவாகச் சுழலும் எதுவும் அபாயமானது

இங்கே சற்று நின்று, மசகு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் வண்டியின் டயர், தண்ணீர்ப் படலத்தின் மீது ஏறி மிதப்பதைக் கேள்விப்பட்டிருப்போம். வண்டிக்கு அது ஆபத்து. ஆனால் சுழலும் தண்டுக்கு அதுவே உயிர். தண்டு வேகமாகச் சுழலும்போது ஆயிலைத் தனக்கு அடியில் இழுத்துத் திணித்து, அதன் மீது மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. டர்பைன் தண்டு பல்லாண்டு தேயாமல் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

வேகம் குறைந்தால் இந்தப் படலம் மெலியும். சுமை கூடினால் இன்னும் மெலியும். அதை ஈடுகட்டத்தான் கெட்டியான ஆயிலைத் தேர்ந்தெடுக்கிறோம். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. என்று டின்னில் எழுதியிருக்கும் எண், 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுநிலை. வேகமாகச் சுழலும் டர்பைன் பேரிங்குக்கு 32 அல்லது 46, ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு 46 அல்லது 68, மெதுவாக ஓடும் வார்ம் கியர் பாக்ஸுக்கு 460 என்று வழக்கத்தில் இருப்பதற்கு இதைத் தவிர வேறு ரகசியம் இல்லை. எண் பெரிதாக இருந்தால் ஆயில் உயர்ந்தது என்று நினைத்து வேகமான பேரிங்கில் கெட்டி ஆயிலை ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேரிங் தன் சக்தியை எல்லாம் அந்த ஆயிலைக் கலக்குவதிலேயே செலவழித்துச் சூடாகும். சூட்டில் ஆயில் இளகும். பிறகு எதற்காகக் கெட்டி ஆயிலைத் தேடினோமோ அந்தப் பயனும் போய்விடும்.

திருகும் நட்டும் வேறு உலகம். மிக மெதுவான அசைவு, பெரிய சுமை, போவதும் வருவதுமான இயக்கம். மிதக்கும் படலம் அங்கே உருவாகவே உருவாகாது. இரு உலோகங்களின் முகடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டேதான் இருக்கும். நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மசகுப் பூச்சும் அதில் கலந்திருக்கும் சேர்மானங்களும்தான் காப்பு. ஒவ்வோர் அசைவிலும் அந்தப் பூச்சு கொஞ்சம் வழிக்கப்பட்டுப் போகும். போனதை யாராவது திரும்ப வைக்க வேண்டும். வேகமான பேரிங் தன் மசகைத் தானே இழுத்துக்கொள்ளும். மெதுவான திருகு, மனிதனின் கையை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

நம் ஊரில் மாட்டு வண்டி வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு இட்ட வண்டி மைக்குத்தான் மசகு என்று பெயர். இன்றைய மசகெண்ணெய் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. நெடுந்தூரம் போகும் வண்டியில் மை தனியாகக் கூடவே போகும். சக்கரம் கிறீச்சிடும்போது அல்ல, அதற்கு முன்பே நிறுத்திக் கடையாணியைக் கழற்றி மை போடுவார்கள். மெதுவாகச் சுழலும் அச்சுக்கு எப்போது போட வேண்டும் என்பதும் எது போட வேண்டும் என்பதும் அவர்களுக்கு ஒரே கேள்விதான்.

சந்தேகம் விழுந்த கிரீஸ்

261ஆம் விமானத்துக்கு வருவோம். விசாரணையில் ஆரம்பத்திலேயே ஒரு செய்தி கவனத்துக்கு வந்தது. நீண்ட காலம் அந்தத் திருகுக்கு மோபில்கிரீஸ் 28 போட்டு வந்தார்கள். 1997 இறுதியில் ஏரோஷெல் 33க்கு மாறினார்கள். விமானத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ‘தொழில்நுட்ப ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு கடிதம் பெறப்பட்டிருந்தது. கிரீஸ் மாறி இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆனபோது நட்டு தேய்ந்து விமானம் விழுந்திருக்கிறது. குற்றவாளி கிரீஸ்தான் என்று நினைக்கத் தோன்றாதா?

அந்தச் சந்தேகத்துக்கு வலுவான வேதியியல் காரணமும் இருந்தது. கிரீஸ் என்பது ஆயிலைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு கடற்பஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வைக் குறைப்பது ஆயில். பஞ்சு அதைத் தாங்கிக்கொண்டு, அழுத்தம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தப் பஞ்சு, கிரீஸுக்குக் கிரீஸ் வேறுபடும். மோபில்கிரீஸ் 28இல் அது ஒருவகைக் களிமண், நிறம் சிவப்பு. ஏரோஷெல் 33இல் லித்தியம் காம்ப்ளெக்ஸ் சோப்பு, நிறம் பச்சை. களிமண் கிரீஸும் லித்தியம் கிரீஸும் பொதுவாக ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. கலந்தால் சில நேரம் இளகி ஒழுகும், சில நேரம் இறுகிப்போகும். ஒரு பேரிங்கில் பழைய கிரீஸை எடுக்காமல் வேறு வகைக் கிரீஸை அடித்துவிட்டு, மறு வாரம் அது மோர் போல வழிந்து தரையில் கிடந்ததைப் பார்த்த எவருக்கும் இந்தப் பாடம் மறக்காது. இரண்டு கிரீஸுக்கும் மெதுமை எண் ஒன்றாகவே இருக்கலாம். என்.எல்.ஜி.ஐ. 2 என்பது பிசைவு எவ்வளவு கெட்டி என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே இருப்பது களிமண்ணா சோப்பா என்று அந்த எண் சொல்லாது.

உலோகத்தைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது: புதிய கிரீஸின் சேர்மானங்கள் வெண்கலத்தை அரித்திருக்குமோ? இதை அலட்சியம் செய்ய முடியாது. நான் வேலை பார்த்த ஆலை ஒன்றில் வார்ம் கியர் பாக்ஸுக்குக் கந்தகச் சேர்மானம் கொண்ட இ.பி. (கடும் அழுத்தம் தாங்கும்) கியர் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். பாகுநிலை எண் சரியாகவே இருந்தது, 460. சாதாரண எஃகுப் பல் சக்கரங்களுக்கு அந்த ஆயில் மிக நல்லது. அங்கே கந்தகம் எஃகோடு வினைபுரிந்து, பல்லைக் காக்கும் ஒரு தோலை உண்டாக்கும். ஆனால் சூடேறிய வார்ம் பெட்டிக்குள் அதே கந்தகம் வெண்கலத்தைத் தேடிப் போகும். சில மாதங்கள் கழித்து வடிகால் அடைப்பைத் திறந்தபோது, வந்த ஆயிலைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெயிலில் காட்டினேன். தங்கப்பொடி தூவியது போல மின்னியது. மூடியைத் திறந்தால் சக்கரத்தின் பல்முகம் கறுத்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டியபோது கறுப்பு உரிந்து, உள்ளே குழி குழியாகத் தெரிந்தது. வெண்கலம் போன்ற மஞ்சள் உலோகம் உள்ள இடத்தில் ஆயிலின் தரவுத்தாளில் தாமிர அரிப்புச் சோதனையின் முடிவைப் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது என்ற பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது.

ஆகவே விசாரணைக் குழு கிரீஸைத்தான் முதலில் கூண்டில் ஏற்றியது. இரண்டு கிரீஸ்களையும் தனித்தனியாகவும் கலந்தும், அலுமினிய வெண்கலத்தையும் எஃகையும் உரசவிட்டுச் சோதித்தார்கள். மசகே இல்லாமல் உரசவிட்டும் பார்த்தார்கள். முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. ஏரோஷெல் 33 வெண்கலத்தை அதிகம் தேய்க்கவில்லை. கலவையும் அந்த அளவு தேய்மானத்தை உண்டாக்கவில்லை. மசகு இல்லாத உரசலில் மட்டும் தேய்மானம் பல மடங்கு எகிறியது. கிரீஸை மாற்றியதோ, இரண்டும் கலந்ததோ இந்த விபத்துக்குக் காரணமில்லை என்று வாரியம் தெளிவாக எழுதியது.

எனக்கு இந்த இடம் மிக முக்கியம். கிரீஸ் மாற்றத்தைச் செய்த முறையில் குறைகள் இருந்தன. களிமண் கிரீஸின் மீது லித்தியம் கிரீஸை அடிப்பதை நான் எங்கும் அனுமதிக்க மாட்டேன். ஆனாலும் அந்த இரண்டில் எதுவாக இருந்தாலும், கலவையாகவே இருந்தாலும், அது மரைக்குள் போய்ச் சேர்ந்திருந்தால் 88 பேர் வீடு திரும்பியிருப்பார்கள். ஆலைகளில் மசகைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு முழுவதும் எந்தக் கம்பெனி, எந்த ரகம், சிந்தெடிக்கா மினரலா என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. தேர்வு அங்கே முடிவதில்லை. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, எந்த வழியாக, எவ்வளவு, போய்ச் சேர்ந்ததை எப்படி அறிவது என்ற நான்கும் சேர்ந்ததுதான் தேர்வு. டின்னின் பெயர் அதில் ஒரு பங்கு.

350 மணி நேரத்திலிருந்து 2,550 மணி நேரத்துக்கு

இந்த வகைத் திருகை வடிவமைத்த டக்ளஸ் நிறுவனம் 1960களில், 300 முதல் 350 பறக்கும் மணி நேரத்துக்கு ஒருமுறை மசகு இட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. பிறகு என்ன ஆனது என்பதைப் படிக்கும்போது என் சொந்த ஆலையின் அட்டவணையைப் பார்ப்பது போல இருந்தது.

1985இல் இந்த விமான நிறுவனம் 700 மணி நேரத்துக்கு ஒருமுறை மசகு இட்டது. 1987இல் 500. 1988இல் 1,000. 1991இல் 1,200. 1994இல் 1,600. 1996இல் மணிக்கணக்கையே விட்டுவிட்டு எட்டு மாதங்களுக்கு ஒருமுறை என்று நாட்காட்டிக்கு மாற்றினார்கள். அந்த விமானங்கள் பறந்த வேகத்தில் எட்டு மாதம் என்பது சுமார் 2,550 மணி நேரம். யாரும் ஒரே நாளில் 500ஐ 2,550 ஆக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பெரிய பராமரிப்புச் சோதனை ஒன்றின் இடைவெளியை நீட்டினார்கள். அதோடு கட்டியிருந்த மசகு வேலையும் கூடவே நீண்டது. திருகைப் பற்றி யோசித்து எடுத்த முடிவுகள் என்று இவற்றில் பலவற்றைச் சொல்ல முடியாது. அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகமும் ஒப்புதல் கொடுத்தது.

இதைவிடக் கலங்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. தயாரிப்பாளரின் பரிந்துரையே அதற்குள் 3,600 மணி நேரம் வரை போயிருந்தது. அதாவது 2,550 என்பது புத்தகத்தின்படி பாதுகாப்பான எல்லைக்குள் இருந்தது! இடைவெளியை நீட்டிய குழு, முதலில் வடிவமைத்தவர்கள் எழுதிய 300, 350 என்ற எண்களை எடுத்துப் பார்க்கவில்லை. அந்த எண்கள் எங்கோ ஒரு கோப்பில் கிடந்தன. இதுவரை கோளாறு வரவில்லை என்பதே அடுத்த நீட்டிப்புக்கு ஆதாரமாகிக்கொண்டே போனது. தேய்மானம் மெதுவாக வளரும் பாகத்தில் இந்த ஆதாரத்தை நம்பவே கூடாது. இன்று கோளாறு இல்லை என்பது, முந்தைய குறுகிய இடைவெளி செய்துகொடுத்த பாதுகாப்பின் மிச்சமாகக்கூட இருக்கலாம்.

இடைவெளி நீளும்போது இன்னொன்றும் நடக்கிறது. 350 மணி நேரத்துக்கு ஒருமுறை மசகு இடும் இடத்தில், ஒரு தடவை ஒருவர் சரியாகச் செய்யாமல் விட்டால் அடுத்த தடவை வேறொருவர் சரிசெய்துவிடுவார். 2,550 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு தவறு எட்டு மாதம் உள்ளே உட்கார்ந்திருக்கும். இரண்டு தவறு என்றால் பதினாறு மாதம். கடைசியாக மசகு இட வேண்டிய ஒரு தடவை மட்டும் தவறியிருந்தால் இவ்வளவு தேய்ந்திருக்க முடியாது, அதற்கு முன்பும் தவறியிருக்க வேண்டும் என்றுதான் வாரியம் முடிவுக்கு வந்தது. கிரீஸ் கன்னைப் பிடிக்கும் கை எப்போதாவது தவறும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் இடைவெளியைக் குறிக்க வேண்டும்.

சிறிய கதவுக்குள் ஒரு கை

1999 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அந்தத் திருகுக்குக் கடைசியாக மசகு இடப்பட்டதாகப் பதிவேடு சொன்னது. செய்தவரை விசாரித்தபோது வேலைக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆனது என்றார். சரியாகச் செய்தால் நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பது தயாரிப்பாளரின் மதிப்பீடு.

அவரைத் திட்டிவிட்டுக் கடந்துபோவது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தரையிலிருந்து வெகு உயரத்தில், வாலின் பக்கத்தில் இருக்கும் சிறிய கதவு வழியாகக் கையை விட்டு அந்த வேலையைச் செய்ய வேண்டும். நிப்பிளில் கிரீஸ் கன்னை மாட்டி நட்டுக்குள் அடிக்க வேண்டும். பிறகு திருகின் முழு நீளத்துக்கும் பூச வேண்டும். பிறகு சிறகை முழுவதும் ஏற்றி இறக்கி, கிரீஸை மரைகளுக்குள் பரவவிட வேண்டும். கை உள்ளே போனால் கண்ணுக்கு இடமில்லை. கண் பார்த்தால் கை வெளியே வர வேண்டும். நம் ஆலைகளில் கன்வேயரின் பின்பக்க பேரிங், ஃபேனின் உட்பக்க பேரிங் என்று இதே மாதிரி எத்தனை இடங்கள் இருக்கின்றன! அவற்றுக்கு கிரீஸ் அடிப்பவர் பெரும்பாலும் ஷிஃப்டிலேயே இளையவர். அவருக்கு யாரும் அந்த பேரிங்கைத் திறந்து காட்டியதே இல்லை.

அடைபட்ட நிப்பிள் ஏமாற்றும் விதத்தையும் சொல்ல வேண்டும். கன்னின் கைப்பிடியை அழுத்தினால் கனமாக இருக்கும். உள்ளே நிறைந்துவிட்டது என்று தோன்றும். கன்னின் வாய்க்கும் நிப்பிளுக்கும் நடுவே கொஞ்சம் கிரீஸ் பிதுங்கி வெளியே வரும். அதைத் துணியால் துடைத்தால் இடம் பளபளப்பாக, புதிதாக மசகு இட்டது போலவே இருக்கும். உள்ளே ஒரு துளிகூடப் போயிருக்காது. உண்மையில் போய்ச் சேர்ந்ததற்கு ஒரே அடையாளம், மறுமுனையில் பழைய கிரீஸ் வெளியே வருவது. முதலில் கறுத்த பழையது வரும், பிறகு நிறம் மாறிப் புதியது வரும். அந்த நிறமாற்றத்தைப் பார்க்கும் வரை வேலை முடியவில்லை.

விசாரணையின் முடிவில், இறுதி அறிக்கையில் வாரியம் பரிந்துரைத்தவற்றில் பல இந்தக் கையைச் சுற்றியவைதான். கதவைப் பெரிதாக்க வேண்டும். புதிய கிரீஸ் அடிக்கும் முன் கெட்டுப்போன பழையதைத் திருகிலிருந்து துடைத்தும் நட்டிலிருந்து வெளியேற்றியும் நீக்க வேண்டும். செய்தவரைத் தவிர இன்னொரு பரிசோதகரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இடைவெளியை 650 மணி நேரமாகக் குறைத்து விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருந்தது.

0.040 அங்குலம்

மசகு தவறினாலும் காப்பாற்றியிருக்கக்கூடிய கடைசி வாய்ப்பு ஒன்று இருந்தது. நட்டு தேயத் தேய, திருகு அதற்குள் மேலும் கீழும் லேசாக ஆடும். பட்டறையில் நாம் ‘பிளே’ என்று சொல்வது அது. இந்தத் திருகுக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 0.003 முதல் 0.040 அங்குலம் வரை. அதாவது அதிகபட்சம் ஒரு மில்லிமீட்டர். நல்ல மசகு இருந்தால் 1,000 மணி நேரத்துக்கு 0.001 அங்குலம்தான் தேயும் என்பது எதிர்பார்ப்பு.

1997 செப்டம்பரில் இதே விமானத்தின் ஆட்டத்தை அளந்தார்கள். வந்த அளவு 0.040. சரியாக எல்லைக்கோட்டில். நட்டை மாற்ற வேண்டும் என்று ஒரு பணியாளர் எழுதி வைத்தார். மூன்று நாள் கழித்து வேறு ஷிஃப்டில் மறுபடி அளந்தார்கள். 0.033 வந்தது. பல முறை அளந்தும் அதே 0.033. நட்டை மாற்றவில்லை, விமானம் பறக்கப் போனது. அளக்கப் பயன்பட்ட கருவி தயாரிப்பாளர் தந்த வடிவப்படி இல்லாமல் உள்ளேயே செய்துகொண்டது என்பது பிறகு வெளியே வந்தது.

அடுத்த அளவீட்டுக்கு 30 மாதம் இருந்தது. அந்த இடைவெளியும் 1985இல் 5,000 மணி நேரமாக இருந்து, சுமார் 9,550 மணி நேரமாக நீண்டிருந்தது. அந்த 1997 அளவீட்டுக்குப் பிறகு 8,884 மணி நேரம் பறந்திருந்தபோது விமானம் விழுந்தது. 0.033இலிருந்து கணக்கிட்டால் நட்டு 1,000 மணி நேரத்துக்குச் சுமார் 0.012 அங்குலம் தேய்ந்திருக்கிறது. எதிர்பார்த்ததைப் போல 12 மடங்கு. இடையில் ஒரே ஒரு முறை யாராவது அளந்திருந்தால் அந்த எண் கத்தியிருக்கும். மசகு இடுவதையும் தேய்மானத்தை அளப்பதையும் ஒரே காலத்தில் நீட்டினால், ஒன்றின் தவறை மற்றொன்று பிடிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. நட்டுக்குள் இரண்டு தனித்தனி மரைகள் ஓடியதை ஒரு பாதுகாப்பாகக் கருதினார்கள். இரண்டுக்கும் ஒரே நட்டு, ஒரே நிப்பிள், ஒரே கிரீஸ். இரண்டும் சேர்ந்தே தேய்ந்தன.

அட்டவணையில் ஒரு கட்டம்

இந்த அறிக்கையை முதன்முறை படித்து முடித்த வாரம் எங்கள் ஆலையின் மசகு அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இயந்திரத்தின் பெயர், மசகின் பெயர், இடைவெளி, கையெழுத்து என்று நான்கு கட்டங்கள் இருந்தன. கையெழுத்துகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இடைவெளிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். முந்தைய அட்டவணையிலிருந்து என்றார்கள். அதற்கு முந்தையது? யாருக்கும் நினைவில்லை. தயாரிப்பாளரின் கையேடுகளைத் தேடி எடுத்தோம். பதினோரு இடங்களில் எண்கள் ஒத்துவரவில்லை. ஒன்பதில் எங்களுடையது நீளமாக இருந்தது.

வார்ம் பெட்டிகளுக்கும் திருகுகளுக்கும் ஆட்டத்தை அளந்து எழுத ஒரு தாளை வைத்தோம். ஒவ்வோர் அளவையும் முந்தையதோடு கழித்து, மணிக்கணக்கால் வகுத்து எழுத வேண்டும். எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு வேகமாக எல்லையை நோக்கிப் போகிறது என்பது தெரிய வேண்டும்.

அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: ‘பழைய கிரீஸ் வெளியே வந்ததா, என்ன நிறம்?’ மூத்த ஃபிட்டர் ஒருவர், “சார், இதை எல்லாம் யார் எழுதுவார்கள்?” என்று கேட்டார். முதல் இரண்டு வாரம் எல்லாக் கட்டத்திலும் ‘வந்தது, கறுப்பு’ என்றே இருந்தது. மூன்றாவது வாரம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன், கொதிகலன் ஃபேனின் உட்பக்க பேரிங்குக்கு நேராக எழுதியிருந்தான்: ‘வரவில்லை. நாற்பது தடவை அடித்தேன். கன்னின் வாயிலேயே பிதுங்குகிறது.’ அன்று மாலை ஃபேனை நிறுத்தி நிப்பிளைக் கழற்றினோம். துளைக்குள் கம்பியை விட்டபோது, சுண்ணாம்பு போல இறுகிய கிரீஸ் பொடிப்பொடியாக உதிர்ந்தது.